ஏரிக்கரையில் கொதித்த ஓமத் தண்ணீர்

அக்கா,

என் ஸ்வெட்டர் கையில் ஓமம் வாசனை அடிக்கிறது. இந்த ஆஸ்பத்திரியில் தரை, சுவர், நாற்காலி என்று எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி அடிக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். போகட்டும். எனக்குக் கையை நீட்ட இடம் கிடைத்தது. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து இடது தோள்பட்டை வேறு கடுக்கிறது.

உள்ளே ரகு இருக்கிறார். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், இப்போது ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதல் டெஸ்டை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லையாம், இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம். அதுவரை என்னை இங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கைபேசியில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கிச்சன் ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். "கேஸ் மாதிரி இருக்கு. கொஞ்சம் ஓமத் தண்ணி போடேன்" என்றார். என் கை தானாக டப்பாவைத் திறந்தது. தானாகப் போட்டது, தண்ணீர் ஊற்றியது. கொதி வந்து ஆவி முகத்தில் அடித்தது பாருங்கள், அந்த வாசனையோடு நீங்கள் வந்து நின்றீர்கள். சாம்பல் நிற ஜாக்கெட், கழுத்தில் சுற்றிய மஃப்ளர், கையில் அந்த ஃபிளாஸ்க். அடுப்பை அணைத்துவிட்டு நைன் ஒன் ஒன் அடித்தேன்.

ரகு கத்தினார். "பைத்தியமா உனக்கு? கேஸுக்கு எவனாவது ஆம்புலன்ஸ் கூப்பிடுவானா? தெருவே வேடிக்கை பாக்கும்."

"பாக்கட்டும். டிக்கெட் போட்டுக் கூப்பிடறேன். வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். எதிர்வீட்டுக் குஜராத்தி அங்கிள் நாயைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்று பார்த்தார்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை அக்கா. போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். நீங்கள் இருந்தபோது என்னை எத்தனை திட்டியிருப்பீர்கள்! கடல் தாண்டி இந்தப் பார்சிப்பனிக்கு நான் வந்த புதிதில், அபார்ட்மென்ட் லாண்ட்ரி ரூமில், ரகுவின் வெள்ளைச் சட்டைகளோடு என் சிவப்புச் சுடிதாரையும் மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல், "அட ஏம் போ... அத எடு அம்மிணி வெளிய" என்றது. பேர் கேட்பதற்கு முன்னால் திட்டியவர் நீங்கள். அன்றைக்கே உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அரிசிம்பருப்பு சாதம் போட்டீர்கள். எனக்குச் சென்னை, உங்களுக்குப் பொள்ளாச்சி. ஊரில் இருந்திருந்தால் நாம் சந்தித்தே இருக்க மாட்டோம்.

பார்சிப்பனித் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் உங்கள் வீட்டு டேகேரில் ரசம் சாதம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒரு பிள்ளை இரண்டு முறை தும்மினால் போதும், "பீடியாட்ரிஷியன்கிட்ட காட்டிட்டுத்தான் வரோணும்" என்று அம்மாவை ஆபீஸிலிருந்து வரவழைத்துவிடுவீர்கள். உங்கள் வீட்டுக்காரர், அண்ணாவுக்கு பி.பி. மாத்திரையை நீங்கள்தான் எடுத்துக் கையில் கொடுப்பீர்கள். உங்களுக்கு மட்டும் டாக்டர் கிடையாது. உங்களுக்கு ஓமம்.

அந்த ஏரி ஊருக்குப் போக வேண்டும் என்பது உங்கள் வாழ்க்கையிலேயே நீங்கள் உங்களுக்காகக் கேட்ட ஒரே விஷயம். நம் எல்லோருக்கும் போல உங்களுக்கும் லீவ் என்றால் இந்தியாதான். ஒரு வருஷம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம், ஒரு வருஷம் மாமனாருக்கு ஆபரேஷன், ஒரு வருஷம் வீடு கட்டுவது. உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் எப்போதும் சினிமா ஷூட்டிங் நடக்குமாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நின்று பார்ப்பீர்களாம். அப்படிப் பார்த்த ஒரு படத்தின் பாட்டு தியேட்டரில் வந்தபோது உங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

"கதை பூரா எங்க ஊர்ல எடுப்பாங்க அம்மிணி, பாட்டு வந்தா மட்டும் ஃபாரின் ஓடிருவாங்க. எங்க வாய்க்கால்ல கால நனைச்சவ அடுத்த வரியில ஏதோ ஒரு ஏரிக்கரையில அரமணை முன்னால நின்னு ஆடறா. அந்த எடத்துல ஒரு நாளு நானும் போய் நிக்கோணும்" என்பீர்கள்.

என்ன படம், என்ன பாட்டு என்று எழுதப் போவதில்லை. இப்போது டிவியில் அது வந்தால் சேனலை மாற்றிவிடுகிறேன். உங்கள் பெண் மேகாதான் காலேஜ் லீவில் வந்தபோது அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அரண்மனையின் மஞ்சள் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் வைத்து ஊரைக் கண்டுபிடித்தாள். ஆஸ்திரியாவின் தெற்கு ஓரத்தில் ஒரு நீள ஏரி, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள். "மாம், இட்ஸ் ரியல். யூ கேன் ஜஸ்ட் கோ" என்றாள். நீங்கள் அழுதுவிட்டீர்கள். அண்ணாவுக்கும் ரகுவுக்கும் லீவ் கிடைக்கவில்லை. நாம் மூன்று பெண்கள் மட்டும் கிளம்பினோம். அண்ணாவுக்கு சாம்பாரும் ரசமும் டப்பா டப்பாவாகச் செய்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, ஒவ்வொரு மூடி மேலும் கிழமை எழுதி ஒட்டிவிட்டுத்தான் நீங்கள் கார் ஏறினீர்கள்.

செப்டம்பர் முடிகிற சமயம். ரயிலை விட்டு இறங்கியபோதே எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. இப்போது ஜோடித்துச் சொல்லவில்லை அக்கா, அப்போதே உங்களிடம் சொன்னேன். அழகில் குறை சொல்ல முடியாது. ஏரிக்கரை நெடுக நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பங்களாக்கள், வில்லா என்கிறார்கள். மூலைக்கொரு கோபுரம், மர வேலைப்பாடு செய்த பால்கனி, கூரையில் காற்றாடிச் சேவல். ஆனால் சீசன் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வில்லாவாக ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கரையோரப் பூங்காவில் நாற்காலிகளைக் கவிழ்த்துச் சங்கிலி போட்டிருந்தது. தண்ணீர் மேல் பனி மூட்டம் படுத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஓர் அன்னம் வந்து நம்மைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

"என்னக்கா, துஷ்டி வீடு மாதிரி இருக்கு ஊரு" என்றேன்.

"வாயக் கழுவு" என்றீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்துவிட்டு நின்றீர்கள். நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் எங்கள் இருவருக்கும் பல் கிட்டிக்கொண்டிருக்க, உங்களுக்கு மட்டும் வேர்த்தது. "வயசு அப்பிடி அம்மிணி. உனக்கும் மாசக் கணக்கு நிக்கறப்ப தெரியும்" என்று மஃப்ளரால் துடைத்துக்கொண்டீர்கள்.

நாம் தங்கிய வில்லாவின் சொந்தக்கார அம்மாள் வாட்டசாட்டமாக, சிரிக்கவே தெரியாதவள் மாதிரி இருந்தாள். ரூம் இரண்டு மாடி ஏற வேண்டும். வழவழவென்று தேய்ந்த மரப்படி, வழியெல்லாம் சுவரில் மான் கொம்புகள். நீங்கள் முதல் மாடித் திருப்பத்தில் நின்று, கொம்புகளை ரசிப்பதுபோல நின்று, மூச்சு வாங்கினீர்கள். அந்த அம்மாள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் இறங்கும்போது அந்தத் திருப்பத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீங்கள் அதைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே வேகமாக ஏறினீர்கள்.

அவளுடைய கெட்டிலில் நீங்கள் ஓமம் போட்டுக் கொதிக்க வைத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெட்டிக்குள் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சோள முறுக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் பழைய காபித்தூள் டப்பா நிறைய ஓமம். முதல் நாள் வில்லா முழுக்க வாசனை. அந்த அம்மாள் மேலே வந்து கதவைத் தட்டி, கெட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் நின்றாள். நீங்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "கேஸ், கேஸ்" என்றீர்கள். அவள் உங்கள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கெட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். மேகா வெட்கத்தில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இங்கே ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னும் ஒன்றும் ஆகவில்லையாம். மெஷினில் காபி பிடித்துக் குடித்தேன். கழுநீர் தேவலை. நெஞ்சைக் கரித்துக்கொண்டு இறங்குகிறது.

ஊருக்கு மேலே காட்டுக்குள் ஓர் இடிந்த கோட்டை இருந்ததே, அங்கே போனதுதான் இரண்டாம் நாள். ஏறும் வழியெல்லாம் ஈர இலை, ஊசியிலை மரங்கள், பறவைச் சத்தம்கூட இல்லை. நீங்கள் முன்னால் போனீர்கள், மெல்ல மெல்லப் பின்னால் வந்துவிட்டீர்கள். ஏப்பம் ஏப்பமாக விட்டீர்கள். "நேத்து அந்தச் சீஸு தின்னதுதான்" என்றீர்கள். தோளைத் தேய்த்தீர்கள். "தலகாணி சரியில்ல." தாடையைப் பிடித்தீர்கள். "குளுந்த காத்து பல்லுல ஏறிருச்சு." ஒன்றுக்கும் பதில் இல்லாமல் போகவில்லை உங்களிடம். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டேன், நீங்கள் தனித்தனியாகச் சொன்னீர்கள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது.

கோட்டையில் கூரை இல்லை. சுவர்தான் மிச்சம். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே ஏரி, எதிர்க்கரையில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சர்ச், அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம். நீங்கள் அந்த ஓட்டையில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். உதடு சாம்பல் பூத்திருந்தது.

"அம்மா, யூ லுக் ரியலி பேல். லெட்ஸ் சீ அ டாக்டர். ப்ளீஸ்" என்றாள் மேகா.

"டாக்டர்கிட்ட போனா என்ன சொல்லுவான்? படுன்னுவான். படுக்கறதுக்கா கண்ணு இத்தன தூரம் வந்தேன்? நாளைக்கு அந்த அரமணை. பொறவு ஊருக்குப் போய் எந்த டாக்டர் வேணா பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டேகேர்ல ஒரு குழந்தை இப்படி இருந்தா விடுவீங்களாக்கா?" என்று கேட்டேன். நீங்கள் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து ஊற்றிக் குடித்தீர்கள். குடித்ததும் ஒரு பெரிய ஏப்பம். "பாத்தியா? கேஸு. வெறும் கேஸு அம்மிணி. ஏப்பம் வந்தாச்சுன்னா போச்சு" என்று எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினீர்கள். முகத்தில் ரத்தம்கூட ஏறிவிட்டது. மேகாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏப்பம் வந்துவிட்டால் நம் வீடுகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மறுநாள் அந்த மஞ்சள் அரண்மனை. பாட்டில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. இப்போது அது ஹோட்டல். அதுவும் பாதி மூடியாயிற்று. உள்ளே ஓர் ஆள் மட்டும் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்த மாம்பழக் கலர் ஷிஃபான் புடவையைக் கட்டியிருந்தீர்கள். உள்ளே தெர்மல், காலில் வாக்கிங் ஷூ. எவ்வளவு அழகாக இருந்தீர்கள் தெரியுமா! படகுத்துறைப் பலகை மேல் ஓடி வந்து, திரும்பி, முந்தானையைப் பறக்கவிட வேண்டும். மேகா எடுத்தாள். "இன்னொருக்கா எடு, முந்தானை சுருட்டிக்கிச்சு" என்றீர்கள். எடுத்தாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு கண்ணு" என்றீர்கள்.

அந்தக் கடைசி வீடியோ என்னிடம் இருக்கிறது. மேகா அனுப்பினாள், அவள் பார்ப்பதில்லை. ஓடி வருகிறீர்கள், திரும்புகிறீர்கள், முந்தானை அழகாக விரிகிறது. சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் வலது கை மட்டும் மெதுவாக மேலே போய்த் தாடையைப் பிடித்துக்கொள்கிறது. கைக்குத் தெரிந்திருக்கிறது. முகத்துக்குத் தெரியவில்லை. அத்தனை சந்தோஷம் முகத்தில்.

நர்ஸ் மறுபடி வந்தாள். இரண்டாவது ரத்தமும் எடுத்தாயிற்றாம். ரகு ரூமுக்கு வந்துவிட்டார், ரிசல்ட் வந்ததும் டாக்டரே என்னைக் கூப்பிடுவாராம். ஸ்கேனில் என்ன என்று கேட்டேன். டாக்டர் சொல்வார் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் போலிருக்கிறது, தாடை வலிக்கிறது. இங்கே ஹீட்டரையும் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கொட்டுகிறது.

கடைசி நாள் மட்டும் வெயில் வந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை அக்கா. வந்த நாளிலிருந்து மூடிக் கிடந்த ஊர் அன்றைக்குத்தான் திறந்தது. ஏரி நீலமும் பச்சையுமாக மின்னியது, மலைகள் கிட்டே வந்து நின்றன. அந்த சீசனுக்குக் கடைசிப் படகுகளாம், ஊர் ஊராக நின்று போகும். மேல் தளத்தில் நம்மைத் தவிர ஒரு வயதான ஜோடிதான். நீங்கள் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தீர்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டீர்கள். ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டீர்கள். காலையில் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "மந்தமா இருக்கு, ஓமத்தண்ணி போதும்" என்றீர்கள்.

கரையில் வில்லாக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்தீர்கள். இது மிராசுதார் வீடு, இது மூத்த தாரத்து வீடு, இது ரெண்டாந்தாரத்து வீடு என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். அந்த மஞ்சள் அரண்மனை கண்ணில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தீர்கள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க வாய்க்காலும் ஒண்ணும் கொறஞ்சதில்ல" என்றீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அசதியா இருக்குது. எறங்கறப்ப எழுப்பி உடு அம்மிணி" என்றீர்கள்.

மேகாவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். சர்ச் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நம் துறை வந்தது. கயிற்றைத் தூக்கிப் போட்டார்கள். "மாம், வேக் அப், வி ஆர் ஹியர்" என்றாள் மேகா. நான் வந்து உங்கள் தோளைத் தொட்டேன். ஃபிளாஸ்க் மடியிலிருந்து உருண்டு, மூடி கழன்று, ஓமத் தண்ணீர் பலகையில் ஓடியது. அது இன்னும் சூடாக இருந்தது.

எழுப்பினேன் அக்கா. நான் எழுப்பாமல் விடவில்லை. கத்தி எழுப்பினேன், படகுக்காரர்கள் ஓடி வந்து நெஞ்சை அழுத்தினார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, எல்லாம் வந்தது. அங்கிருந்த டாக்டர் இங்கிலீஷில் மேகாவிடம் பொறுமையாகச் சொன்னார். ஹார்ட். நாலைந்து நாளாகவே நடந்துகொண்டிருந்திருக்கலாம் என்றார். "டேஸ்?" என்று திருப்பிக் கேட்டாள் மேகா. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் போன் பண்ணியபோது அண்ணா நீங்கள் கிழமை எழுதி வைத்த சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். "அவகிட்ட குடும்மா, உப்பு கம்மின்னு சொல்லணும்" என்றார்.

இருங்கள் அக்கா. டாக்டர் கூப்பிடுகிறார்.

வந்துவிட்டேன். என்ன சொல்ல! சின்னப் பெண்தான் டாக்டர். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "குட் நியூஸ். ஹார்ட் இஸ் ஃபைன். இட்ஸ் ஜஸ்ட் கேஸ்" என்றாள். கேஸ்! நீங்கள் சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்ல அவளுக்கு வயர், ரத்தம், ஸ்கேன், அரை நாள், இத்தனையும் வேண்டியிருந்தது. நீங்கள் ஒரு ஏப்பத்தை வைத்துச் சொல்லிவிட்டீர்கள். ரகு கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, "நான் சொன்னேனா இல்லியா? ஊரக் கூட்டிட்டா! இனிமே நான் ஏப்பம் விட்டாக்கூட ஹெலிகாப்டர் கூப்பிடுவா இவ" என்று அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ரகு பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கும் வெறும் கேஸாக இருந்து, அந்த ஊர் டாக்டர் அப்படிச் சொல்லி, நீங்கள் என்னை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாதா?

பேப்பர் ரெடியாக வேண்டும், அவர் சட்டை மாற்ற வேண்டும். பழைய நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தேன். பயம் போய்விட்டது, எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் தாடை வலி போகவில்லை. சும்மா இருக்க முடியாமல், உங்களுக்கு எழுதியதை மேலே தள்ளி முதலிலிருந்து படித்தேன்.

தோள்பட்டை கடுக்கிறது, நாற்காலி சரியில்லை. நெஞ்சைக் கரிக்கிறது, மெஷின் காபி. தாடை வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டேன். வேர்க்கிறது, ஹீட்டர். எழுதியது நான்தான் அக்கா. ஆனால் குரல் உங்களுடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், ஒவ்வொன்றும் சரியான பதில். நீங்கள் போனதிலிருந்து உங்களிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இதுதானா மிஞ்சியது?

காலையில் ரகுவை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே தோள் கடுத்தது. அப்போது அதைப் பையின் கனம் என்று நினைத்தேன். ஹீட்டரும் அவ்வளவு இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கவுன்ட்டரில் ஒரு பெண் இருக்கிறாள். நான் போனால், "உங்க ஹஸ்பண்ட் பேப்பர் இன்னும் வரலையே" என்பாள். அவருக்கு இல்லை, எனக்கு என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரா என்பார்கள். கேஸாக இருந்தால் ரகு சொல்லிக் காட்டியே என்னைச் சாகடித்துவிடுவார். சொல்லிக் காட்டட்டும். அதைக் கேட்க நான் இருக்க வேண்டும்.

அன்றைக்கு எழுப்பச் சொன்னது நீங்கள். இன்றைக்கு எழுப்பிவிட்டதும் நீங்கள்தான்.

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டேன். கவுன்ட்டர் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. போயிட்டு வரேன் அக்கா.